பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு நாள் கொச்சி: முதல் தடவை போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து முதல் தடவையாகக் கொச்சி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்களுக்கும் பாலக்காடு தாண்டிய பிறகு இதே வழிதான்.

நம் பக்கத்து ஆட்கள் பலர் எர்ணாகுளத்தில் இறங்கி, லுலு மாலையும் மெரைன் டிரைவையும் பார்த்துவிட்டு, "கொச்சி பார்த்தாச்சு" என்று அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறார்கள். எர்ணாகுளம் இக்கரை. பழைய துறைமுகம் காயலுக்கு (உப்பங்கழிக்கு) அக்கரையில் இருக்கிறது. அதிலும் இரண்டு பாதி உண்டு: கடலோரமாக ஃபோர்ட் கொச்சி, உள்ளே காயலோரமாக மட்டாஞ்சேரி. சுற்றுலா வண்டிகள் முதல் பாதியில் முக்கால் நாளைப் போக்கிவிட்டு இரண்டாவதை அரை மணியில் முடித்துவிடும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மிளகும் சுக்கும் ஏறி இறங்கிய துறைமுகம் மட்டாஞ்சேரிதான். அங்கே நடக்காமல் திரும்பினால் கொச்சியைப் பார்த்ததாக ஆகாது.

இந்த இரண்டு பாதியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெள்ளைக்காரன் கையில் இருந்தது; மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து மெட்ராஸிலிருந்து ஆளப்பட்டது. பாலக்காடு டவுனும் அதே மலபார் மாவட்டம்தான். மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் சீமை. நம் சித்தூர் தாலுகாவும் அதே ராஜாவுக்குச் சொந்தமாக இருந்தது. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோதுதான் எல்லாம் ஒன்றாயின. ஆகவே சித்தூர்க்காரர் மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் நுழையும்போது தன் பாட்டன் காலத்து ராஜாவின் வீட்டுக்குள்தான் நுழைகிறார்.

முதலில் கிழமையைப் பாருங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதப் பள்ளிக்கு (யூதர்களின் ஜெபக்கூடம்) சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளி பிற்பகலிலிருந்தே கதவு சாத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் காலை வழிபாடு நடக்கும், பஜாரில் கிடங்குகள் பூட்டிக் கிடக்கும், படகுத்துறையில் கூட்டம் நெரியும். திங்கட்கிழமை இந்தோ-போர்ச்சுகீசிய அருங்காட்சியகம் கிடையாது. மிஞ்சுவது செவ்வாய், புதன், வியாழன். லீவு போட முடிந்தால் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை: அரண்மனையும் யூதப் பள்ளியும் திறந்திருக்கும், பஜார் மட்டும் தூங்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் அந்தப் பள்ளி திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதம் என்றால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. ஜூன், ஜூலையில் மழை விடாது பெய்யும். ஏப்ரல், மே வெயிலை நாம் தாங்குவோம் என்று நினைக்க வேண்டாம். கணவாய்க் காற்றுக்குப் பழகிய உடம்பு நமக்கு. இங்கே காற்றில் ஈரம் அதிகம், நிழலில் நின்றாலும் சட்டை நனையும். டிசம்பரில் போனால் கலைக் கண்காட்சியும் கிடைக்க வாய்ப்பு உண்டு. 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே நடக்கும் வருடங்களில் பழைய கிடங்குகளே கூடங்களாகிவிடும். டிசம்பர் 31 இரவு பாப்பாஞ்ஞி என்ற பெரிய கிழவன் பொம்மையை எரிப்பதைப் பார்க்கக் குழந்தைகளோடு போகாதீர்கள். அன்றைய நெரிசல் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

கிளம்புவது

ரயிலில்தான் போக வேண்டும். காரில் குதிரான் சுரங்கம் தாண்டி, திருச்சூர், அங்கமாலி, இடப்பள்ளி என்று ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுவீர்கள். ஃபோர்ட் கொச்சியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். பாலக்காடு ஜங்ஷன் என்பது ஒலவக்கோட்டில் இருக்கிறது. டவுன் ஸ்டேஷன் வேறு. எல்லையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் சென்னைப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் ஏறினால் ஏழு, எட்டு மணிக்குள் எர்ணாகுளம் போய்விடலாம். இரண்டரை முதல் மூன்று மணி நேரப் பயணம்.

எர்ணாகுளத்திலும் இரண்டு ஸ்டேஷன். ஜங்ஷனை அங்கே 'சவுத்' என்பார்கள், டவுனை 'நார்த்' என்பார்கள். எதில் இறங்கினாலும் படகுத்துறைக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான். வரும் வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் வரை இந்தப் பாதை 1902-ல் கொச்சி ராஜா போட்டது. அதற்குப் பணம் போதாமல் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

காலுக்குச் செருப்பே போதும். பல இடத்தில் கழற்ற வேண்டியிருக்கும், லேஸ் கட்டிய ஷூ தொல்லை. யூதப் பள்ளிக்கு அரைக்கால் சட்டையும் கையில்லாத மேல்சட்டையும் ஆகாது. தண்ணீர்ப் பாட்டில், குடை, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை. இவ்வளவுதான் மூட்டை.

அக்கரைக்குப் படகில்தான்

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் "ஃபோர்ட் கொச்சிக்கு நானே விட்டுவிடுகிறேன்" என்பார். தோப்பும்படிப் பாலம் வழியாகப் போகலாம்தான், ஆனால் வேண்டாம். துறைமுகத்துக்குத் தண்ணீர் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அப்போதுதான் இந்த ஊர் ஏன் இங்கே முளைத்தது என்று கண்ணாலேயே புரியும்.

இரண்டு வகைப் படகு இருக்கிறது. எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு விடிகாலையிலேயே ஓடத் தொடங்கிவிடும், கட்டணம் மிகக் குறைவு. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறும் படகு அது. இன்னொன்று ஹைக்கோர்ட் முனையத்திலிருந்து கிளம்பும் வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. அடுத்த வருடம் ஃபோர்ட் கொச்சிக்கும் நீண்டது. மின்சாரப் படகு, ஏசி, கட்டணம் 40 ரூபாய் வாக்கில். போகும்போது அரசுப் படகு, வரும்போது வாட்டர் மெட்ரோ என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்ததாகும். இரண்டுமே அக்கரையில் கமாலக்கடவில்தான் கொண்டுபோய் இறக்கும்.

படகு கிளம்பியதும் இடது பக்கம் வில்லிங்டன் தீவு தெரியும். அது மனிதர் உண்டாக்கிய தீவு. 1920-ல் இங்கே வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, காயலை ஆழப்படுத்தி, வாரிய மண்ணைக் கொட்டியே இந்தத் தீவை எழுப்பினார். அதுவரை பெரிய கப்பல்கள் வெளியே கடலில்தான் நங்கூரம் போட்டுக் கிடக்கும். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் முதல்முதலாக உள்ளே வந்தது. வலது பக்கம் போல்காட்டி, அதைத் தாண்டி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் பெரிய கிரேன்கள். முகத்துவாரம் நெருங்கும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டிருங்கள், டால்ஃபின் முதுகு தெரிய வாய்ப்பு உண்டு.

இந்த முகத்துவாரத்துக்கே ஒரு வரலாறு சொல்வார்கள். சங்கப் பாடல்களில் வரும் முசிறி இங்கிருந்து வடக்கே, கொடுங்கல்லூர்ப் பக்கம். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் அந்தத் துறை மணல் மூடித் தூர்ந்தது, இங்கே காயல் கடலோடு அகலமாக வாய் திறந்தது, வணிகர்கள் எல்லாரும் இங்கே மாறினார்கள் என்பது அந்த வரலாறு.

சீன வலை

கமாலக்கடவில் இறங்கி மேற்கே சில நிமிடம் நடந்தால் வலைகள். அரபு வணிகர் காலத்திலேயே சீனர்கள் கொண்டுவந்தது என்றும், சீனக் கரையிலுள்ள மக்காவ் துறையிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் ஒரே வலையின் பக்கத்தில் பதினைந்து நிமிடம் நில்லுங்கள்.

கரையில் ஒரு மரச்சட்டம். அதிலிருந்து நீண்ட கழிகள் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும், அவற்றின் நுனியில் வலை விரிந்து தொங்கும். பின்பக்கம் கயிறுகளில் கருங்கற்கள் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். முன்னால் வலையின் பாரமும் பின்னால் கல்லின் பாரமும் அவ்வளவு துல்லியமாகச் சரிக்கட்டியிருப்பதால், நடுமரத்தின் மேல் ஒரே ஒரு ஆள் முன்னே நடந்து போனாலே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிடுவார்கள். பிறகு நாலைந்து பேர் பின்னால் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, வலை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வரும். மீன் கொஞ்சம்தான் இருக்கும். சில தடவை ஒரு கை இறாலும் பாசியும் மட்டுமே. அவ்வளவு மரத்தையும் கல்லையும் கயிற்றையும் பராமரித்து, அந்தக் கொஞ்சத்துக்காக நாள் முழுக்க இறக்கி ஏற்றுகிற உழைப்பை நேரில் பார்த்தால்தான், இந்த வலைகள் ஏன் வருடா வருடம் குறைந்துகொண்டே போகின்றன என்பது புரியும். எனக்கு அது வருத்தமான விஷயம்.

"வாங்க, இழுங்க" என்று கூப்பிடுவார்கள். தாராளமாகப் போய் இழுங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் முடிவில் காசு கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டே போங்கள்; எவ்வளவு என்று முன்னாலேயே பேசிவிட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லை. பக்கத்துக் கடைகளில் இருக்கும் பெரிய நெய்மீனும் நண்டும் பெரும்பாலும் இந்த வலையில் விழுந்தவை அல்ல, படகில் வந்தவை. வாங்கிப் பக்கத்து ஓட்டலில் பொரிக்கக் கொடுப்பதானால் மீனின் விலையையும் சமைக்கும் கூலியையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைப் பலகாரம் இங்கேயே சின்னச் சாயாக்கடைகளில் முடித்துக்கொள்ளலாம்: புட்டும் கடலையும், அல்லது அப்பமும் முட்டைக்கறியும். ப்ரூடர் என்ற ரொட்டி கண்ணில் பட்டால் வாங்குங்கள். டச்சுக்காரர்கள் விட்டுப்போனது, லேசான இனிப்பு, ஃபோர்ட் கொச்சி பேக்கரிகளில் கிடைக்கும்.

இரண்டு தேவாலயம்

வலையிலிருந்து உள்ளே நடந்தால், பெரிய மழைமரங்களின் நிழலில், பரேட் மைதானத்துப் பக்கம் புனித பிரான்சிஸ் தேவாலயம். வெளியே பார்த்தால் எளிமையான கட்டடம். 1503-ல் மரத்தில் கட்டினார்கள், 1516-ல் கல்லில் எழுப்பினார்கள். போர்ச்சுகீசியரின் கத்தோலிக்கக் கோயிலாக இருந்தது, 1663-ல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் புராட்டஸ்டண்ட் ஆனது, 1795-ல் ஆங்கிலேயர் வந்த பிறகு ஆங்கிலிக்கன், இன்றைக்கு சி.எஸ்.ஐ. கொச்சியை யார் யார் ஆண்டார்கள் என்று இந்த ஒரு கட்டடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

உள்ளே போனதும் வலது பக்கத் தரையில், கம்பித் தடுப்புக்குள் ஒரு கல்லறைக் கல். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் தலையைத் தூக்கிப் பாருங்கள். துணி கட்டிய நீண்ட பங்காக்கள் (கயிற்றால் இழுக்கும் விசிறிகள்) தொங்கும். கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். ஆராதனை நடக்கும்போது வெயிலில் நின்றுகொண்டு ஒரு ஆள் அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். துளைகளைத் தேடிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அந்த ஆள் நின்ற இடத்திலும் நின்று பாருங்கள்.

சாந்தா குரூஸ் பசிலிக்கா நடக்கும் தூரம். போர்ச்சுகீசியர் கட்டிய பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1905-ல் அபிஷேகம் ஆனது. உள்ளே இருக்கும் ஓவியங்களில் அந்தோனியோ மொஸ்கேனி என்ற இத்தாலியரின் கைவண்ணம் முக்கியமானது. மங்களூர் அலோசியஸ் சிற்றாலயத்தையும் வரைந்தவர் அவர். இங்கே அபிஷேகம் நடப்பதற்குச் சில நாள் முன்னால் காலமானார். பதினைந்து நிமிடம் போதும்.

டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியிருக்கும், கம்பி வழியே பார்த்துக்கொள்ளலாம். கடற்கரையில் குளிக்க எண்ணாதீர்கள்.

வேளியில் தமிழ்ச் சத்தம்

பத்தரை மணி வாக்கில் ஒரு ஆட்டோ பிடித்து "வேளி, தோபிகானா" என்று சொல்லுங்கள். வேளி என்ற இடத்திலுள்ள சலவைக்கூடம் அது. ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள். "போற வழியில ஒரு கடை, சும்மா பார்த்துட்டுப் போகலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கடைகளில் அவருக்குக் கமிஷன் உண்டு, உங்கள் அரை மணி நேரம் போய்விடும்.

தோபிகானாவில் வேலை செய்கிறவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். சிப்பாய்களின் உடுப்பை வெளுப்பதற்காக டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். இப்போதுள்ள இடம் 1970களில் கட்டிக் கொடுத்தது. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் திறந்தவெளியில் துணி காயும் கொடிகள். கொடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளிப் ஒன்றுகூட இருக்காது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகியிருப்பார்கள். கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி அங்கே காய்வதைப் பார்த்தால் நம் ஊர் ஞாபகம் வரும். தேய்ப்பதற்கு இன்னும் கரிப்பெட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்கே மலையாளத்தில் தடுமாற வேண்டாம், தமிழிலேயே பேசலாம். "எந்த ஊருங்க?" என்று அவர்களே கேட்பார்கள். வேலையை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உள்ளே பராமரிப்புக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பயணிகளில் இந்த இடத்துக்கு வருகிறவர்கள் குறைவு. நாம் வர வேண்டிய இடம் இது.

மட்டாஞ்சேரி: பள்ளி முதலில், அரண்மனை பிறகு

பதினொன்றரைக்குள் மட்டாஞ்சேரி போய்விடுங்கள். யூதப் பள்ளி மதியம் மூடிப் பிற்பகலில் திறக்கும், அரண்மனைக்கு அந்த இடைவெளி கிடையாது. அதனால் பள்ளியை முதலில் முடித்துவிட வேண்டும்.

யூதத் தெருவின் கோடியில் மணிக்கூண்டு தெரியும். பரதேசிப் பள்ளி என்ற இந்த யூதப் பள்ளி 1568-ல் கட்டியது. பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டவர். ஸ்பெயின் முதலான நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு, கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலும் யூதப் பள்ளியும் அண்டை அயலாக நிற்பதற்கு அதுதான் காரணம். உள்ளே எல்லாரும் மேலே விளக்குகளைப் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். தரை முழுக்க 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீல-வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. அடுத்தடுத்த நாலு ஓட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்: மரக்கிளை ஒன்றில் சாய்ந்திருக்கும், ஒன்றில் நிமிர்ந்திருக்கும், நீலம் ஒன்றில் கரைந்திருக்கும். ஒன்று போல் ஒன்று இல்லை. சதுரச் சதுரமாக நகர்ந்து பார்க்க நேரம் போவதே தெரியாது.

தமிழ் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர இரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடுகள் இந்தப் பள்ளியின் உடைமை. எழுத்து வட்டெழுத்து. நம் நாட்டுப் பழைய கல்வெட்டுகளில் இருக்கும் அதே எழுத்து. பகல்விளக்கு, குடை, பறை, காளம், தோரணம் என்று அவருக்குக் கொடுத்த உரிமைகளை அதில் அடுக்கியிருக்கிறார்கள். இஸ்ரேல் உருவான பிறகு இந்தத் தெருக்காரர்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டார்கள். வீட்டு ஜன்னல்களில் நட்சத்திரக் குறி இன்னும் இருக்கிறது.

பிறகு அரண்மனை. டச்சு அரண்மனை என்று பலகை இருந்தாலும், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் பிறகு பழுதுபார்த்தார்கள். நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். உள்ளே பல்லக்குகளும் ராஜாக்களின் படங்களும் இருக்கின்றன, அவற்றை வேகமாகப் பார்த்துவிட்டு ராஜாவின் பள்ளியறைக்கு (படுக்கையறை) போங்கள். தசரதன் வேள்வியில் தொடங்கி இராமாயணம் முழுக்கச் சுவரில் நிறைந்து நிற்கும். இடைவெளியே விடாமல் ஆள் மேல் ஆள், மரம் மேல் மரம். முதலில் கண் திணறும். ஒரு மூலையிலிருந்து கதையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் தெளியும். கதை நமக்குத் தெரிந்ததுதானே. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதுவும் நல்லதுதான், கண்ணால் பார்ப்போம். காலடியில் கறுத்துப் பளபளக்கும் தரையையும் கவனியுங்கள். பார்த்தால் சலவைக்கல் போலிருக்கும், ஆனால் எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெண்கரு சேர்த்து மெழுகியது.

சாப்பாடு

மட்டாஞ்சேரி நியூ ரோட்டில் ரஹ்மத்துல்லா ஓட்டல் இருக்கிறது. காயீஸ் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பிரியாணிக்காகவே அங்கே போகலாம். சின்ன அரிசி, காரம் அடங்கிய மசாலா. நேரம் கழித்துப் போனால் தீர்ந்திருக்கும். சைவக்காரர்கள் குஜராத்தித் தெருப் பக்கம் போங்கள், இனிப்பும் காரமும் வடநாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். அந்தத் தெருவிலேயே ஜைனக் கோயில் இருக்கிறது. பகல் பன்னிரண்டை ஒட்டிப் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். பள்ளியைச் சீக்கிரம் முடித்தால் அதைப் பிடிக்கலாம். ஓட்டலில் சிவப்பாகக் கொண்டுவந்து வைக்கும் தண்ணீர் பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சியது, பயமில்லாமல் குடிக்கலாம்.

பஜார் ரோட்டில் நடந்தே திரும்புங்கள்

வெயில் சாய்ந்து மூன்று, மூன்றரை ஆனதும், ஆட்டோ பிடிக்காமல் யூதத் தெருவிலிருந்து பஜார் ரோடு வழியாக வடக்கே நடங்கள். இரண்டு கிலோமீட்டர் சொச்சம். நாள் முழுக்கப் பார்த்ததில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

இடது பக்கம் கடை, வலது பக்கம் கிடங்கு. கிடங்குகளின் முன்வாசல் தெருவில் இருக்கும், பின்வாசல் காயலில் திறக்கும். ஒரு காலத்தில் வள்ளத்தில் வந்த சரக்கு பின்னால் ஏறி, விலை பேசி முன்னால் இறங்கும். இப்போது லாரிதான், ஆனாலும் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், சுக்கு வாசனை இருக்கிறது. முற்றங்களில் சுக்கைப் பரப்பிக் காயவைப்பார்கள். பெண்கள் முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லையும் சூம்பியதையும் பிரித்து எறிவார்கள். வாசலில் நின்று கேட்டால் உள்ளே விடுகிறவர்களும் உண்டு, "வேலை நடக்குது" என்று மறுக்கிறவர்களும் உண்டு. மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

யூதத் தெருப் பக்கம் மிளகு வணிகர் சங்கக் கட்டடம் இருக்கிறது. 1957-ல் தொடங்கிய மிளகுச் சந்தை அது. ஒரு காலத்தில் கூடத்துக்குள் ஆளாளுக்குக் கத்தி வரப்போகும் மாதங்களின் மிளகுக்கு விலை வைப்பார்கள். இப்போது அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது.

மசாலா வாங்குவதானால் யூதத் தெருவில் அழகாகப் பாக்கெட் போட்டு வைத்திருக்கும் கடைகளை விட, பஜார் ரோட்டில் மூட்டை திறந்து வைத்திருக்கும் கடைகள் நல்லவை. மிளகை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக, வாசனை சட்டென்று ஏற வேண்டும். ஏலக்காயைப் பிரித்தால் விதை கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்க வேண்டும். பழம்பொருள் கடைகளில் பேரம் உண்டு, ஆனால் பழசு என்று சொல்வதெல்லாம் பழசு அல்ல.

கல்வத்தி கால்வாயைத் தாண்டினால் பெப்பர் ஹவுஸ், ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல் தொடங்கிய ஆங்கிலேயக் கம்பெனியின் வளாகம் இரண்டாவது. பினாலே சமயத்தில் உள்ளே போகலாம். மற்ற நாளில் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்தால், காலையில் இறங்கிய கமாலக்கடவு வந்துவிடும்.

திரும்புவது

கதகளி பார்க்க ஆசை இருந்தால் ஃபோர்ட் கொச்சியில் தினமும் மாலையில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுருக்கமாக ஆடுகிறார்கள். முகம் எழுதுவதிலிருந்தே உட்கார்ந்து பார்க்கலாம், எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்தால் அன்றிரவு ரயில் தாமதமாகத்தான் கிடைக்கும், அல்லது தங்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் திரும்புகிறவர்கள் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

மாலையில் வாட்டர் மெட்ரோ முனையத்தில் வரிசை நீளும். படகில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அரசுப் படகுக்கும் கூட்டமாக இருந்தால் பதற வேண்டாம். பக்கத்திலேயே ரோ-ரோ என்ற, வண்டி ஏற்றும் படகின் ஜெட்டி. கார், பைக்கோடு ஆட்களும் ஏறி ஐந்து நிமிடத்தில் எதிரே வைப்பின் போய்விடலாம். அங்கிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியாக எர்ணாகுளம் ஹைக்கோர்ட் ஜங்ஷனுக்குப் பஸ் அடிக்கடி உண்டு. ஃபோர்ட் கொச்சியிலிருந்து தோப்பும்படி வழியாகவும் பஸ் இருக்கிறது, மாலை நெரிசலில் நேரம் பிடிக்கும். எப்படிப் போனாலும் ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஃபோர்ட் கொச்சியை விட்டுவிடுங்கள். ஏறும் ஸ்டேஷன் சவுத்தா நார்த்தா என்று டிக்கெட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பாலக்காடு சேரும்போது கொழிஞ்சாம்பாறைக்கோ மீனாட்சிபுரத்துக்கோ கடைசி பஸ் போயிருக்கலாம். ஒலவக்கோட்டில் பைக்கை விட்டுவிட்டு வருவது, இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்லிவைப்பது நல்லது.